பச்சை எரிஞ்சாலும் பயம்தான்

பயப்படுறதுக்குன்னே மாசச் சம்பளம் குடுக்கிற வேலை ஒண்ணு இருக்குன்னா, அது நான் பார்க்கிற வேலைதான். இதே பொழப்புல மாட்டிக்கிட்டு முழிக்கிற அண்ணன்மாருங்க, அக்காமாருங்க யாராவது இதைப் படிச்சா, 'அட, நம்ம கதை'ன்னு தலையாட்டுவீங்க. மத்தவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கிடுறேன்.

ஜவ்வாது மலையில ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, செல்போன் டவர்னு எங்கெல்லாம் இன்டர்நெட் லைன் போகுதோ, அங்கெல்லாம் ஒரு ரூட்டர் பெட்டி உட்கார்ந்திருக்கும். எந்தத் தகவலை எந்த வழியா அனுப்பணும்னு அந்தப் பெட்டிக்கு நாமதான் சொல்லித் தரணும். முன்னெல்லாம் ஒருத்தர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் போய்க் கையால தட்டிக்கிட்டு இருப்பார். அவர் தப்பு பண்ணினா ஒரு ஊருக்கு லைன் போகும். இப்ப அதுக்கு ஒரு புரோகிராம் இருக்கு. ஒரு பட்டனைத் தட்டினா மலையில இருக்கிற எல்லாப் பெட்டிக்கும் ஒரே மூச்சுல சொல்லிடும். அது தப்பு பண்ணினா மலைக்கே லைன் போகும். இதுக்குப் பேருதான் முன்னேற்றம்.

அந்தத் தப்பு நடக்காம தடுக்கிறதுக்கு டெஸ்ட்டுன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். புரோகிராம் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி, ஆஸ்பத்திரிக்கு லைன் போகுதா, டவர் பேசுதா, பள்ளிக்கூடம் பதில் சொல்லுதான்னு இந்த டெஸ்ட்டு கேட்டுப் பார்க்கும். எல்லாம் சரியா இருந்தா பச்சை. ஒண்ணு சரியில்லைன்னாலும் சிவப்பு. சிவப்பு எரிஞ்சா புரோகிராம் ஓடாது. இந்த டெஸ்ட்டுங்களை எழுதி, பழுது பார்த்து, கட்டி மேய்க்கிறது என் வேலை. கம்பெனி ஆபீஸ் சென்னையில. பெட்டிங்களுக்குப் பக்கத்துல ஒரு ஆளு இருக்கட்டும்னு என்னை மலை மேல ஜமுனாமரத்தூர்ல மிஷின் ரூம்ல உட்கார வெச்சிருக்காங்க. சொந்த ஊரு கீழ சந்தவாசல். பயம் எனக்குப் பொறவியிலேயே உண்டு. கம்பெனி அதுக்கு ஒரு பதவிப் பேரு மட்டும் குடுத்துச்சு.

வீட்டுக்குள்ளயே கஸ்டமர்

என் சம்சாரம் பரிமளா, மலை மேல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸு. பிரசவத்துக்கு வர்ற பொண்ணுங்களுக்கு ஏதாவது சிக்கல்னா, திருவண்ணாமலையில இருக்கிற டாக்டரம்மாவை வீடியோவுல கூப்பிட்டுக் காட்டணும். அவங்க பார்த்துட்டு இன்ன ஊசி போடுன்னு சொல்வாங்க, இல்லைன்னா ஒரு நிமிஷம்கூட வெச்சுக்காதே, உடனே கீழ அனுப்புன்னு சொல்வாங்க. அந்த வீடியோ ஓடுறது எங்க லைன்ல. சரி, லைன் போனா செல்போன்ல பேசிக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். அந்தச் செல்போன் டவரும் எங்க லைன்லதான் தொங்குது. ஆக, எங்க லைன் போனா அந்த ஆஸ்பத்திரிக்கு வாயும் இல்ல, காதும் இல்ல.

மத்தவங்களுக்கெல்லாம் கஸ்டமர் போன்ல திட்டுவாங்க. எனக்குக் கஸ்டமர் சாம்பார் ஊத்திக்கிட்டே திட்டுவா. தினம் காலையில டிபன் தட்டை வைக்கும்போதே, இன்னிக்கு எதையாவது நோண்டப் போறீங்களான்னு கேட்டுட்டுத்தான் இட்லியை வைப்பா. ஆமான்னு சொன்னா ஒரு இட்லி குறையும். ஒரு நாள் தலை சுத்துதேன்னு அவ ஆஸ்பத்திரிக்கே போய்க் கையை நீட்டினேன். பட்டையைச் சுத்தி, பம்பை அமுக்கிப் பார்த்தவ, முள்ளையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டுச் சொன்னா: "இங்க வர்ற புள்ளத்தாச்சிங்களைவிட உங்களுக்குத்தான் பிரஷர் ஜாஸ்தி. லைனைப் பாத்துக்கிற ஆளே இப்படி நடுங்கினா, அந்த லைனை நம்பி உக்காந்துக்கினு இருக்கிற நான் இன்னா பண்றது?"

இடி இடிச்சா சிவப்பு

வேலைக்குச் சேர்ந்த புதுசு. மத்தியான நேரம், வானம் உறுமிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு திரையில ஒரு பள்ளிக்கூடம் சிவப்பாச்சு. என்னடான்னு பார்க்கிறதுக்குள்ள ரேஷன் கடை. அப்புறம் இன்னொரு பள்ளிக்கூடம். அம்மை போட்ட மாதிரி வரிசையா சிவப்பு முளைக்குது. அன்னைக்குக் காலையிலதான் ஒரு சின்ன மாத்தம் பண்ணியிருந்தேன். போச்சு, மலையவே அணைச்சுட்டேன்னு முடிவே பண்ணிட்டேன். சென்னைக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிடலாமா, இல்லை போளூர் பஸ்ஸைப் புடிச்சு ஓடிடலாமான்னு ரெண்டு யோசனையும் ஒண்ணா வருது. பஸ் யோசனைதான் கொஞ்சம் நல்லதாப் பட்டுச்சு.

நல்லவேளை, அதுக்கு முன்னாடி அந்த முதல் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா, உங்க பெட்டி செத்துடுச்சு, கொஞ்சம் என்னான்னு பாருங்கம்மான்னு கெஞ்சுற குரல்ல சொன்னேன். அவங்களுக்கு அது பிடிக்கலை. மலையில இடி இறங்கினா டிவி, மிக்ஸி, பெட்டின்னு எல்லாத்தையும் பிடுங்கி வெச்சிடுறது எல்லா வீட்டுலயும் இருக்கிற பழக்கம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அவங்க நிதானமாச் சொன்னாங்க: "செத்துடுச்சின்னு வாய் வெக்காதீங்க சார். இடி விழுந்தா செத்துடுமேன்னு நாங்கதான் பிடுங்கி, துணி சுத்தி பீரோவுல வெச்சிருக்கோம்."

யாரையும் கேக்காத டெஸ்ட்டு

சென்னை ஆபீஸ்ல தினேஷ்னு ஒரு பையன், என்கூட டெஸ்ட்டு எழுதுறவன். கெட்டிக்காரன், குணமானவன். ஆனா சிவப்பைக் கண்டா அவனுக்கு ஆகாது. எப்படியாவது பச்சையாக்கிட்டுத்தான் டீ குடிக்கப் போவான். எனக்குச் சிவப்பும் ஆகாது, பச்சையும் ஆகாதுங்கிறது வேற விஷயம்.

எங்க டெஸ்ட்டுல ஒண்ணு, மலையில இருக்கிற ஆஸ்பத்திரி லைன் எல்லாம் ஓடுதான்னு பார்க்கிறது. அது வாரக்கணக்குல பச்சையாவே எரிஞ்சுது. இடி இடிக்குது, பச்சை. கரெண்ட் போகுது, பச்சை. மத்ததெல்லாம் சிவந்து கிடக்கும்போது இது மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரிச்சுக்கிட்டே இருக்கு. எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. உள்ள பிரிச்சுப் பார்த்தேன். எந்தெந்தப் பெட்டியைக் கேக்கணும்ங்கிற விவரத்தை யாரோ வேற இடத்துக்கு மாத்தி வெச்சிருக்காங்க. டெஸ்ட்டு பழைய இடத்துல போய்த் தேடியிருக்கு. அங்க ஒரு பெட்டியும் இல்லை. அதனால அது யாரையும் கேக்கலை. யாரையும் கேக்காததால, லைன் இல்லைன்னு யாரும் சொல்லலை. லைன் இல்லைன்னு யாரும் சொல்லாததால, பச்சை. ஆளே இல்லாத வகுப்புல அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு, இன்னைக்கு யாரும் லீவு இல்லைன்னு எழுதின மாதிரி.

அத்தனை வாரமும் பரிமளாவோட ஆஸ்பத்திரியை யாருமே பார்த்துக்கலை. அன்னையில இருந்து சிவப்பைப் பார்த்தா எனக்குப் பயம் கம்மி. சிவப்பு உண்மையைச் சொல்லிட்டுப் போயிடும். பச்சையைப் பார்த்தாத்தான் இப்ப பயம். உடனே சரி பண்ணிட்டு, இப்படி இருந்திருக்குப்பான்னு தினேஷ்கிட்ட சொன்னேன். அவன் கொட்டாவி விட்டான்: "பச்சைதானே எரியுது ப்ரோ, நல்லா தூங்கிக்கிட்டு இருக்கிற புள்ளைய ஏன் கிள்ளி எழுப்புற?"

கேபிளும் கரடியும்

எங்க தொழில்ல இருக்கிறதுலயே பெரிய பயம் எதுன்னா, பெட்டிக்குப் பாடம் சொல்லித் தர்ற லைனையே தெரியாம அறுத்துக்கிறது. தப்பா ஒண்ணு சொல்லிட்டோம்னா, அதோட அந்தப் பெட்டி நம்மகிட்ட பேசுறதை நிறுத்திடும். அப்புறம் இங்க இருந்து எவ்வளவு கத்தினாலும் அதுக்குக் கேக்காது. ஆள் நேர்ல போய், கேபிளைச் சொருகி, அதோட காதுலயே சொல்லணும். ஊருல எல்லாரும் இந்த மாதிரி வேலையை ராத்திரியில பண்ணுவாங்க. மலைக்கு மட்டும் பகல்லதான் பண்ணணும்னு எங்க கம்பெனியில சட்டம். ராத்திரி கெட்டா, காட்டுக்குள்ள போய்ச் சரி பண்ண யாரு போவா?

பகல்லயே போறது எப்படி இருக்கும்னு எனக்கு ஒரு தடவை தெரிஞ்சுது. காட்டுக்கு அந்தாண்ட இருக்கிற ஒரு டவர் பெட்டி பேச்சை நிறுத்திடுச்சு. முருகேசன் பைக்கை எடுத்தார். அவர் மலைக்காரர், லைன் வேலை எல்லாம் அவர் பொறுப்பு. பின்னாடி நான், முதுகுல லேப்டாப், கழுத்துல மாலை மாதிரி கேபிள். பாதி வழியில பலா மரத்துக்கிட்ட வண்டியை நிறுத்திட்டு, காத்தை மோந்து பார்த்தார். பழம் பழுத்திருக்கு, கரடி வந்தாலும் வரும்னார். அது வந்தா என்ன செய்யணும்னு கேட்டேன், அது கேள்வியா வந்துதா முனகலா வந்துதான்னு தெரியலை. அவர் கொஞ்சம்கூடச் சிரிக்காம சொன்னார்: "ஓடக் கூடாதுன்னு சொல்வாங்க சார். ஆனா நான் ஓடிடுவேன். உங்களாலதான் முடியாது, லேப்டாப் வெச்சிக்கினு இருக்கீங்க."

டீக்கடை விசாரணை

ஜமுனாமரத்தூருக்குக் கீழ இருந்து ஏறுறதுக்கு முக்கியமா ரெண்டு வழி. போளூர் பக்கமா வரலாம், இல்லைன்னா திருப்பத்தூர் பக்கமா வரலாம். மழைக்காலத்துல எந்த வழியில எந்த மரம் விழும், எங்க பாறை உருளும்னு சொல்ல முடியாது. அதனால இங்க ஒரு பழக்கம். கீழ இருந்து யாரு வந்தாலும் நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களான்னு கேக்க மாட்டாங்க. மொத கேள்வியே, எந்தப் பக்கமா வந்தீங்க? கலெக்டர் ஆபீஸ் ஜீப்பா இருந்தாலும் சரி, புளி ஏத்த வந்த லாரியா இருந்தாலும் சரி. பதில் சொன்னப்புறம்தான் டீ.

வாரக் கடைசியில சொந்த ஊரு சந்தவாசலுக்குப் போய்ட்டுத் திரும்பி வர்ற எனக்குப் போளூர் பக்கத்தை விட்டா வேற வழி கிடையாது. அது எங்க மிஷின் ரூமுக்குக் கீழ டீக்கடை வெச்சிருக்கிற குப்பம்மாளுக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு திங்கக்கிழமையும் கேக்கும். ஒரு தடவை, மழையில நனைஞ்சு வந்த எரிச்சல்ல, அதான் முழுசா வந்து நிக்கிறேனே, எந்தப் பக்கமா வந்தா உனக்கென்னன்னு கேட்டுட்டேன். குப்பம்மாள் கோவிச்சுக்கலை. டீயை ஆத்திக்கிட்டே சொல்லுச்சு: "நீ வந்து சேந்தது கண்ணுக்குத் தெரியுது. எந்த ரோடு உசுரோட இருக்குதுன்னு, உன்னியக் கேட்டாத்தானே தெரியும்?"

பெரிய மாத்தம்

எங்க சேகர் சார் சென்னையில தலைமை. ஒரு நாள் அவர் ஒரு திட்டத்தோட வந்தார். மலைக்கு லைனும் ரெண்டு பக்கமாத்தான் ஏறுது, ரோடு மாதிரியே. போளூர் பக்கத்து லைன்தான் எப்பவும் ஓடுறது. திருப்பத்தூர் பக்கத்து லைன் அவசரத்துக்கு. போளூர் பக்கத்துப் பெட்டிங்களுக்கெல்லாம் புதுப் பாடம் சொல்லித் தரணும், அதுக்குக் கொஞ்ச நேரம் அந்த லைனை நிறுத்தணும். அந்த நேரத்துக்கு எல்லாத் தகவலும் திருப்பத்தூர் பக்கமா இறங்கிடும், யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. இதுதான் திட்டம். வியாழக்கிழமை பகல் பதினோரு மணின்னு நாள் குறிச்சாச்சு. டெஸ்ட்டு எல்லாத்தையும் ஓட்டினேன். மொத்தமும் பச்சை. எனக்குப் பசி போயிடுச்சு.

புதன்கிழமை சாயந்திரம் பரிமளா வேலை முடிஞ்சு வந்தவ, செருப்பைக்கூடக் கழட்டாம நாற்காலியில உட்கார்ந்துட்டா. உள் கிராமத்துல இருந்து மல்லிகான்னு ஒரு பொண்ணு, தலைச்சன் பிரசவம். வலி எடுத்தா அங்க இருந்து தூக்கிக்கிட்டு வர நேரம் ஆகும்னு முன்கூட்டியே ஆஸ்பத்திரியில தங்க வெச்சிருக்காங்க. கால் வீங்கியிருக்கு, பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. மருந்துக்கு இறங்கலைன்னா வலிப்பு வரலாம், வந்தா தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்துன்னு பரிமளா சொன்னா. எதுக்கும் அசையாதவ அவ. அன்னைக்கு அவ குரல்ல பயம் இருந்துச்சு. பயத்துல நான் பெரிய அனுபவஸ்தன், எனக்குத் தெரியாதா? நாளைக்கு லைனை மாத்தப் போறோம், ஆனா கட் ஆகாதுன்னு சொன்னேன். சத்தியமான்னு கேட்டா. டெஸ்ட்டு எல்லாம் பச்சைன்னு சொன்னேன். அவ என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா: "பதினோரு மணிக்கு மேலதான் டாக்டரம்மா வீடியோவுல வர்றேன்னு சொல்லிக்கீறாங்க. பச்சை கிச்சைன்னு எனக்கு இன்னாத்த தெரியும், லைன் இருக்குமா இருக்காதா, அத்தச் சொல்லுங்க."

எந்தப் பக்கமா வந்த?

வியாழக்கிழமை காலையில டீக்கடையில நிக்கிறேன். கையில டீ ஆறிக்கிட்டு இருக்கு. கீழ இருந்து வந்த காய்கறி வண்டிக்காரரைக் குப்பம்மாள் வழக்கம்போல விசாரிக்குது: எந்தப் பக்கமா வந்தீங்க? போளூர் பக்கம்னார். அடுத்து பைக்ல ஒருத்தர். அவரும் போளூர் பக்கம். திருப்பத்தூர் பக்கமா ஒருத்தரும் காணோமேன்னு குப்பம்மாள் சும்மா முணுமுணுத்துச்சு. எனக்கு உச்சந்தலையில சுருக்குனு ஒண்ணு ஏறுச்சு. கிளாஸை வெச்சுட்டு மாடிப்படியில ஓடினேன்.

எங்க டெஸ்ட்டு ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, இருக்கியான்னு கேக்கும். இருக்கேன்னு பதில் வந்தா பச்சை. அந்தப் பதில் எந்தப் பக்கமா வந்துச்சுன்னு அது ஒரு நாளும் கேட்டதே இல்லை. வந்து சேர்ந்தா போதும் அதுக்கு. புதுசா ஒரு டெஸ்ட்டு எழுதினேன். போளூர் பக்கத்தை மறந்துடு, திருப்பத்தூர் பக்கமா மட்டும் போய் ஆஸ்பத்திரியைக் கூப்பிடு. ஓட விட்டேன். பதிலையே காணோம். திரும்ப ஓட விட்டேன். சிவப்பு. டவரைக் கூப்பிட்டேன், சிவப்பு. பள்ளிக்கூடம், சிவப்பு. திருப்பத்தூர் பக்கத்து லைன் செத்து எத்தனை நாளாச்சோ, அந்த சாமிக்குத்தான் தெரியும். லைன் செத்தா கத்துறதுக்குன்னே ஒரு அலாரம் உண்டு, அது ஏன் கத்தலைன்னு பார்த்தா, இடி மழையில அந்தப் பக்கம் ஓயாம கத்துதுன்னு சென்னையில அதோட வாயை அடைச்சு வெச்சிருக்காங்க. திறக்க மறந்துட்டாங்க. பதினோரு மணிக்குப் போளூர் பக்கத்தை நிறுத்தியிருந்தா, மலை மொத்தமும் ஊமை. அந்த நேரத்துல மல்லிகா அங்க படுத்திருப்பா, பரிமளா செத்த போனைக் கையில வெச்சுக்கிட்டு நின்னிருப்பா.

சேகர் சாருக்குப் போன் போட்டேன். அவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது. மேலிடத்துக்கு எல்லாம் பச்சைன்னு ரிப்போர்ட் போயாச்சு, அனுமதி வாங்க அவர் அலைஞ்ச அலைச்சல் எனக்குத் தெரியும். புது டெஸ்ட்டுதானே, அதுலயே தப்பு இருக்கலாம், இன்னைக்கு அதை எடுத்து வெச்சுட்டு வேலையை முடிச்சுடலாம், நாளைக்கு சேர்த்துக்கலாம்னார். எனக்கு யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. கடையில சில்லறை குறைஞ்சாக்கூட வாங்கிக்கிட்டு வந்துடுற ஆளு. எடுக்க மாட்டேன் சார், எனக்குப் பயமா இருக்குன்னு மட்டும் சொன்னேன். சேகர் சார் பெருமூச்சு விட்டார்: "பயமா இருக்குன்னு நான் மேல எப்படிப்பா ரிப்போர்ட் எழுதுவேன்?"

பதினோரு மணி

அந்த டெஸ்ட்டை நான்தான் எடுக்கணும்னு இல்லை. சென்னையில இருந்தே யார் வேணும்னாலும் எடுத்துடலாம், ஒரு வரி வேலை. பயம்னா என்னன்னு அன்னைக்குத்தான் முழுசாத் தெரிஞ்சுக்கிட்டேன். முன்னாடி பட்டதெல்லாம் ஒத்திகை. திரையில அந்தச் சிவப்பையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். சிவப்பு எரியணும், சிவப்பு எரியணும்னு வாழ்க்கையில மொத தடவையா வேண்டிக்கிட்டேன். சிவப்பு இருக்கிற வரைக்கும் புரோகிராம் ஓடாது, போளூர் பக்கத்து லைனும் நிக்காது. பச்சையாச்சுன்னா எல்லாம் முடிஞ்சுது.

பதினோரு மணி ஆச்சு. சிவப்பு அப்படியே இருக்கு. இன்னொரு திரையில, ஆஸ்பத்திரி லைன்ல எவ்வளவு தகவல் போகுதுன்னு காட்டுற கோடு இருக்கும். அது தரையோட தரையா கிடந்துச்சு. திடீர்னு எழுந்து நின்னுச்சு. வீடியோ. டாக்டரம்மா வந்துட்டாங்க. அவங்க என்ன சொல்றாங்க, மல்லிகா எப்படி இருக்கா, எதுவும் எனக்குத் தெரியாது. டாக்டரம்மாகிட்ட பேசிக்கிட்டு இருக்கிற பரிமளாவைப் போன் போட்டுக் கேக்கவும் முடியாது. அந்தக் கோடு விழாம நிக்குதா, அது மட்டும்தான் எனக்குத் தெரியும். மூச்சு விட்டா விழுந்துடுமோன்னு மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டேன்.

கொஞ்ச நேரத்துல கோடு விழுந்துடுச்சு. பேசி முடிச்சாங்களா, லைன் அறுந்துடுச்சான்னு தெரியலை. டெஸ்ட்டைப் பார்த்தா இன்னும் சிவப்பு, யாரும் தொடலை. அப்ப பேசித்தான் முடிச்சிருக்காங்க. எழுந்து ஜன்னல்கிட்ட போனேன். ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கிட்டு வளைவுல திரும்புது. கீழ கடை வாசல்ல குப்பம்மாள் கையை நெத்திக்கு வெச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. என்னை அண்ணாந்து பார்த்துச் சொல்லுச்சு: "போளூர் பக்கமாத்தான் போவுது. அந்த ரோடு நல்லாத்தான் கீது, போய்ச் சேந்துடுவாங்க."

சுருட்டி வெச்ச லைன்

மத்தியானம் சேகர் சார் கூப்பிட்டு, வேலையைத் தள்ளி வெச்சாச்சுன்னு மட்டும் சொன்னார். திட்டலை, பாராட்டவும் இல்லை. பின்னாடிதான் தெரிஞ்சுது, தினேஷ் அந்தச் சிவப்பை எடுத்துடட்டுமான்னு கேட்டிருக்கான், இவர் வேணாம்னு தடுத்திருக்கார்.

அதுக்குள்ள முருகேசன் திருப்பத்தூர் பக்கமா லைனைத் தேடிக்கிட்டுப் போயிருந்தார். போன மழையில ஒரு மரம் விழுந்து கம்பம் சாய்ஞ்சு, கேபிள் அறுந்து ரோட்டுல கிடந்திருக்கு. ஊர்க்காரங்க மரத்தை வெட்டி ஓரம் போட்டுட்டு, கேபிள்ல மாடு கால் மாட்டிக்கும், வண்டி சறுக்கும்னு, அறுந்த ரெண்டு முனையையும் தனித்தனியா வளையம் வளையமாச் சுருட்டி, புளியமரக் கிளையில கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்காங்க. யார் லைன்னு தெரியாததால யாருக்கும் சொல்லலை. யாரைக் கோவிச்சுக்கிறது? முருகேசன் போன்லயே அவங்க கட்டி வெச்ச விதத்தை மெச்சிக்கிட்டு இருந்தார்: "இன்னா அழகா சுருட்டி வெச்சிருக்காங்கன்றீங்க சார், நம்ம கம்பெனி ஆளுங்களே இப்படி சுருட்ட மாட்டாங்க."

நீங்க இன்னா பண்ணீங்க?

சாயந்திரம் பரிமளா வந்தப்போ வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தேன். டாக்டரம்மா வீடியோவுல பார்த்த உடனே ஊசி பேரைச் சொல்லி, அதைப் போட்ட கையோட கீழ அனுப்பச் சொல்லிட்டாங்களாம். திருவண்ணாமலை போய்ச் சேர்ந்து ஆபரேஷன் பண்ணி, பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. எடை கம்மிதான். ஆனா தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. இதைச் சொல்லிட்டு அவ அழுதா. நானும் அழுதேன். நான் எதுக்கு அழுறேன்னு அவளுக்குத் தெரியாது.

டீ போட்டுக் குடுத்து, பக்கத்துல உட்கார வெச்சு, காலையில இருந்து நடந்த அத்தனையும் சொன்னேன். குப்பம்மாள் கேள்வி, புது டெஸ்ட்டு, சேகர் சாரை எதிர்த்துப் பேசினது, கோடு எழுந்து நின்னது, ஒண்ணு விடலை. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வீரமா இருந்திருக்கேன், சொல்லிக்காம எப்படி இருக்கிறது? அவ கவனமாத்தான் கேட்டா. டீயைக் குடிச்சு முடிச்சா. டம்ளரை என் கையில குடுத்துட்டு, மெய்யாலுமே புரியாத மூஞ்சியோட கேட்டா: "லைன்தான் ஒண்ணும் ஆவாம நல்லா இருந்துச்சே. அதுல நீங்க இன்னா பண்ணீங்க?"

என் தொழில் தோழர்களே, நாம ராப்பகலா நடுங்கிச் சாதிச்சதைக் காட்டுன்னு யாராவது கேட்டா, ஒண்ணுமே நடக்கலை பாருங்கன்னு காட்டுறதைத் தவிர நம்மகிட்ட வேற ஒண்ணும் கிடையாது.